ஒளியின் பாதையைக் கணித்த பேரறிஞர் இப்னுல் ஹைதம்

மேல்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளை, தனக்குக் கணிதமும் பௌதிகமுமே பிடித்திருப்பதாகவும் மேற்கொண்டு அவற்றையே கற்க விரும்புவதாகவும் வீட்டில் சொல்லத் தொடங்கினால், பெற்றோர் உள்ளத்தில் இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. மருத்துவமோ பொறியியலோ கற்றால் கைமேல் பலன் தெரிகிறது. சூத்திரங்களைக் கற்றவனுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்பது முதல் ஐயம். இக்கல்வியால் மறுமைக்கு என்ன நன்மை என்பது இரண்டாவது. பிள்ளையின் உள்ளத்திலோ பெற்றோர் அறியாத மூன்றாவது ஐயம் ஒன்று இருக்கும். இவ்விரு கலைகளில் எதைப் பற்றிக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதே அது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இம்மூன்றையும் தம் வாழ்விலேயே எதிர்கொண்டு, மூன்றுக்கும் தம் உழைப்பால் விடை கண்ட பெருமகனார் ஒருவர் உண்டு. அவர்தாம் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம். அல்ஹஸன் என்ற பெயரையே மேலைநாட்டார் அல்ஹாசென் என்று திரித்து வழங்கினர்.

அன்னார் பிறந்த ஊர் இராக்கிலுள்ள பஸரா. பிறந்த ஆண்டு ஹிஜ்ரி 354 அளவில், அதாவது கி.பி. 965 வாக்கில். தவசீலர் ஹஸன் பஸரீ (ரஹ்), ராபிஅத்துல் பஸரிய்யா (ரஹ்) முதலிய நல்லோர் வாழ்ந்த அந்நகரம், அரபு இலக்கணத்துக்கும் தர்க்கத்துக்கும் தாயகமாகவும் விளங்கியது. ஒவ்வொரு பிரிவாரும் தம் கொள்கையே மெய்யென வாதிட்டு, மற்றவரை வழிகேடர் எனத் தூற்றிய காலம் அது. இளைஞர் இப்னுல் ஹைதம் அவ்வாதங்களை எல்லாம் கேட்டார். மெய்ப்பொருள் ஒன்றாக இருக்க, அதை அடையும் வழிகள் இத்தனையாகப் பிரிந்து கிடப்பானேன் என்று அவர் மனம் அலைந்தது. புலன்களால் உணரத்தக்க பொருளும், அறிவு ஏற்கத்தக்க ஒழுங்கும் எந்த ஆராய்ச்சியில் ஒன்றுசேர்கின்றனவோ, அதன் வாயிலாகவே தாம் உண்மையை நெருங்க முடியும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இறைவனின் அண்மையைப் பெறுவதற்கு உண்மையையும் அறிவையும் தேடுவதினும் மேலான வழியைத் தாம் காணவில்லை என்றும் பிற்காலத்தில் அவர் எழுதி வைத்ததாக, மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ அறிவிக்கிறார். ஆகவே அவருக்குக் கணிதமும் பௌதிகமும் தீனுக்குப் புறம்பான பொழுதுபோக்குகள் அல்ல. தேட்டத்துடன் நடந்த பாதை அது.

பஸராவில் அவருக்கு உயர்ந்ததோர் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. உற்றார் உறவினர் மகிழ்ந்திருப்பர். ஆனால் கோப்புகளும் வழக்குகளும் சூழ்ந்த அந்த வாழ்வில் நூலைத் திறக்க நேரமேது? அவ்வுத்தியோகத்திலிருந்து விடுபடுவதற்காகப் பஸராவிலேயே அவர் சித்தம் கலங்கியவர் போல் நடித்தார் என்று ஓர் அறிவிப்பு உண்டு. அறிஞர்களின் வரலாற்றை எழுதிய இப்னுல் கிஃப்தீயோ அந்நடிப்பை எகிப்தில் நிகழ்ந்ததாகவே கூறுகிறார். பெரும்பாலோர் எடுத்தாள்வதும் இதையே. அது வருமாறு:

அந்நாளில் எகிப்தை ஆண்டவர்கள் இஸ்மாயிலிய்யாப் பிரிவைச் சேர்ந்த பாத்திமிய்யாக்கள். கி.பி. 996 முதல் 1021 வரை அரியணையில் இருந்தவர் அல்ஹாகிம். நைல் நதி ஓராண்டு பெருக்கெடுத்து ஊரை அழிக்கும். மற்றோர் ஆண்டு வற்றிப் பஞ்சத்தைத் தரும். தாம் எகிப்தில் இருந்தால், பெருக்கிலும் வறட்சியிலும் மக்களுக்குப் பயன்படுமாறு அந்நதியில் ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கலாம் என்று இப்னுல் ஹைதம் பஸராவில் சொன்ன சொல், காற்றோடு போகாமல் காஹிராவின் அரண்மனையை எட்டியது. அல்ஹாகிம் இரகசியமாகப் பொருளனுப்பி அவரை வரவழைத்தார். அதுமட்டுமா? நகர வாயிலுக்கு வெளியே தாமே சென்று எதிர்கொண்டு அழைத்தார். சில நாள் ஓய்வுக்குப் பின், சொன்னதைச் செய்து காட்டுமாறு பணித்தார்.

கொத்தர்களும் தொழிலாளரும் அடங்கிய கூட்டத்துடன் இப்னுல் ஹைதம் நைலின் கரையோரமாகத் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழிநெடுகப் பண்டை எகிப்தியர் எழுப்பிய கட்டடங்கள் எதிர்ப்பட்டன. அவற்றின் அளவையும் வடிவகணித நேர்த்தியையும் கண்ட அவர் திகைத்து நின்றார். இத்தகைய கணக்கறிவும் கைத்திறனும் பெற்றிருந்த அம்மக்கள், நைலை அடக்குவது இயலும் காரியமாயிருந்தால் அதைச் செய்யாமல் விட்டிருப்பார்களா என்ற எண்ணம் அவரைச் சுட்டது. அஸ்வானுக்குத் தெற்கே, பாறைகளுக்கிடையே நதி பாய்ந்து இறங்கும் ஜனாதில் என்னும் இடத்தை அடைந்து, இரு கரைகளையும் நீரின் போக்கையும் நேரில் ஆராய்ந்தார். தாம் எண்ணியது அங்கு ஒத்துவரவில்லை. தாளில் சரியாக நின்ற கணக்கு, தண்ணீரின் முன் நிற்கவில்லை. (அதே அஸ்வானில் முதல் அணை 1902-இலும், பேரணை 1970-இலும் கட்டி முடிக்கப்பட்டன. அவர் கண்ட கனவு பொய்யன்று. அதற்குரிய கருவிகள் வருவதற்கு ஒன்பது நூற்றாண்டுகள் பிடித்தன.)

அவர் என்ன செய்தார் என்பதே இங்கு நோக்கத்தக்கது. எதையேனும் கட்டிவைத்து மன்னரின் பொன்னைப் பெற்றுக்கொண்டு காலத்தைக் கடத்தியிருக்கலாம். அப்படிச் செய்தோர் எத்தனையோ பேர். அவரோ நாணத்துடன் திரும்பி வந்து, இயலாது என்ற உண்மையை அல்ஹாகிமிடம் தெரிவித்து மன்னிப்புக் கோரினார். காரணமின்றித் தலைகளைக் கொய்வதில் பெயர்பெற்ற மன்னர் அவர். அன்று அவர் சினம் காட்டவில்லை. தம் அரசாங்க அலுவலகம் ஒன்றில் இவருக்குப் பதவியளித்தார். விருப்பத்தினால் அன்று, அச்சத்தினாலேயே இப்னுல் ஹைதம் அதை ஏற்றார். இன்று தந்த பதவியை நாளை வாளால் பறிக்கக்கூடிய ஒருவரிடம் எத்தனை நாள் ஊழியம் செய்வது? சித்தம் கலங்கியவராகத் தம்மைக் காட்டிக்கொண்டார். அவருடைய உடைமைகள் பொறுப்பாளர் வசம் ஒப்படைக்கப்பட்டன. அவர் வீட்டிற்குள் அடைத்துவைக்கப்பட்டார். 1021-இல் அல்ஹாகிம் மறையும்வரை அந்நிலை நீடித்தது. அதன்பின் அவர் தம் தெளிவை வெளிக்காட்டினார், உடைமைகளும் மீண்டன.

இனி அவருடைய ஜீவனோபாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோர் கேட்கும் முதல் ஐயத்துக்குரிய இடம் இதுவே.

மீண்டும் அவர் உத்தியோகம் தேடிச் செல்லவில்லை. அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே இருந்த குவிமாடத்துடன் கூடிய ஒரு சிறு கட்டடத்தில் குடியேறினார். அச்சு இயந்திரம் அறியாத அக்காலத்தில் நூல்களைக் கையால் பிரதி எடுப்பது மதிப்பு வாய்ந்த தொழில். ஆனால் கணித நூலைப் பிரதி எடுப்பது கவிதை நூலைப் பிரதி எடுப்பது போன்றதன்று. ஒரு கோடு தவறினாலும், ஓர் எழுத்து இடம் மாறினாலும் நிரூபணம் முழுவதும் பாழாகிவிடும். பொருள் புரிந்தவரே அதைச் செய்ய முடியும். ஆண்டுதோறும் அவர் மூன்றைப் பிரதி எடுத்தார். யூக்ளிடின் வடிவகணித நூல் ஒன்று. பத்லமியூஸின் வானியல் நூலாகிய அல்மஜிஸ்தி மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாடங்களான முதவஸ்ஸிதாத் என்னும் தொகுதி மூன்றாவது. இவற்றுக்கு 150 எகிப்திய தீனார்கள் அவருக்குக் கிடைத்தன. அதில் பேரமில்லை, கூடுதலுமில்லை, குறைவுமில்லை. ஓராண்டு உணவுக்கும் உடைக்கும் அதைப் போதுமாக்கிக்கொண்டார். மற்றப் பொழுதெல்லாம் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. தாம் நேசித்த கலையே அவருக்குச் சோறும் போட்டது. செல்வத்தைத் தரவில்லை என்பது உண்மை. பிறர் வாயிலில் நிற்கவும் விடவில்லை. நம் நாட்டு மதரஸாக்களில் கித்தாபுகளைத் தம் கையாலேயே எழுதிப் படித்த முன்னோரை அறிந்தவர்களுக்கு இவ்வாழ்வின் சுவை எளிதில் விளங்கும்.

மற்றொரு செய்தியையும் இங்கே குறிப்பிடுவது பொருந்தும். இதைச் சொல்பவர் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ளஹீருத்தீன் அல்பைஹகீ என்னும் வரலாற்றாசிரியர். (ஹதீஸ் கலை மேதை இமாம் பைஹகீ (ரஹ்) வேறு; இவர் வேறு.) ஸிம்னான் நாட்டுப் பிரபு ஸுர்காப் என்பவர் இப்னுல் ஹைதமிடம் பாடம் கேட்க வந்தார். மாதம் 100 தீனார் கட்டணம் என்றார் ஆசான். மாணவரும் தயங்காமல் செலுத்தி மூன்றாண்டுகள் கற்றார். விடைபெறும் நாளில் அவ்வளவு தொகையையும் ஆசான் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரபுவுக்குப் பொருள் பெரிதா, அறிவு பெரிதா என்று சோதிப்பதற்காகவே அதைக் கேட்டதாகவும், நன்மையைக் கற்பிப்பதற்குக் கூலியோ கையூட்டோ அன்பளிப்போ பெறுவது முறையன்று எனவும் விளக்கினார். ஆண்டுக்கு 150 தீனாரில் வாழ்ந்தவர் மாதம் நூறை மறுத்தார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது வியப்பு மேலிடுகிறது.

இந்தச் சிறிய வாழ்விலிருந்து வெளிப்பட்ட பெரிய பணிதான் யாது? ஏழு பாகங்களைக் கொண்ட கிதாபுல் மனாளிர் என்னும் ஒளியியல் நூல். பிள்ளையின் ஐயமாகிய மூன்றாவதற்கும் இந்நூலிலேயே விடை இருக்கிறது.

நாம் எவ்வாறு காண்கிறோம் என்ற கேள்வியில் முன்னோர் இரு அணியாகப் பிரிந்திருந்தனர். யூக்ளிட், பத்லமியூஸ் போன்ற கணித அறிஞர்கள், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாகக் கருதினர். அவர்களிடம் நேர்கோடுகளும் கோணங்களும் அளவுகளும் இருந்தன. ஆனால் கதிர் செல்லும் திசை தலைகீழாக இருந்தது. அரஸ்தூவின் வழிவந்த இயற்கை அறிஞர்கள், பொருளிலிருந்தே ஏதோ ஒன்று கண்ணை அடைவதாகக் கூறினர். அவர்களுடைய திசை சரி. ஆனால் அவர்களிடம் கணக்கில்லை. எவ்வளவு பெரிதாகத் தெரியும், எங்கே தெரியும் என்று கேட்டால் பதிலில்லை. இரு அணியாரும் நூற்றாண்டுகளாக வாதிட்டுக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருவர் கைப்பொருளை மற்றவர் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்னுல் ஹைதம் தம் நூலின் தொடக்கத்திலேயே இவ்வாராய்ச்சி இயற்கை அறிவும் கணித அறிவும் கலந்த ஒன்று என்று தெளிவுபடுத்திவிட்டார். பார்வை புலன் சார்ந்ததாகையால் அது பௌதிகம்; வடிவமும் தொலைவும் அளவும் நேர்கோடும் அதில் இருப்பதால் அது கணிதம். ஒளி படும் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் நேர்கோட்டில் ஒளி பரவுகிறது. அவற்றுள் கண்ணின் மேற்பரப்பில் செங்குத்தாக விழுபவையே ஒழுங்கான உருவத்தைத் தருகின்றன என்று அவர் வகுத்தார். கண்ணுக்குள் நிகழ்வதைப் பற்றி அவர் கூறியவற்றில் சில பின்னர் திருத்தப்பட்டன. எனினும் திசை நிலைத்தது, கணக்கும் நிலைத்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று மயங்கும் மாணவன் கவனிக்க வேண்டிய இடம் இது. அவர் எதையும் விடவில்லை.

வாதத்தோடு நிற்காமல் சோதனையிலும் இறங்கினார். இருட்டறை ஒன்றின் துளைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். உள்ளே சுவரில் விளக்குகளின் எண்ணிக்கைக்கேற்ப ஒளித்திட்டுகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேர் எதிரான திட்டு மட்டும் மறைந்தது, திறந்தால் மீண்டது. எல்லா ஒளியும் ஒரே துளை வழியே சென்றும் ஒன்றோடொன்று குழம்பவில்லை என்பதும், ஒவ்வொன்றும் தன் நேர்கோட்டிலேயே செல்கிறது என்பதும் புலனாயின. சூரிய கிரகணத்தின் போது சிறு துளை வழியே விழும் பிறை வடிவத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். எளிய குடும்பத்துப் பிள்ளைகூட ஓர் அட்டையில் ஊசித் துளையிட்டு இதைச் செய்து பார்க்கலாம்.

இச்சோதனை முறைக்கு அவர் சூட்டிய பெயர் இஃதிபார் என்பதாகும். உஸூலுல் பிக்ஹ் ஓதியவர்களுக்கு இச்சொல் அந்நியமன்று. பார்வையுடையோர் படிப்பினை பெறவேண்டும் என ஹஷ்ரு சூராவில் இறைவன் ஏவும் இடத்தில் வரும் சொல்லின் வேர் அதுவே. நம் இமாம்கள் கியாஸ் என்னும் ஒப்புநோக்குச் சட்ட முறைக்கு ஆதாரமாக அந்த ஆயத்தையே எடுத்துக்காட்டுகின்றனர். கண்டதைக் கொண்டு காணாததை அறிந்துகொள்வதற்கு பிக்ஹுக் கலை வழங்கிய சொல்லை, ஒளியின் ஆராய்ச்சிக்கும் ஓர் அறிஞர் எடுத்தாண்டார் என்பது எனக்கு மிகுந்த இன்பம் தரும் செய்தி.

அவருடைய கணித வன்மைக்கு ஒரு சான்று போதும். உருண்டையான ஆடி ஒன்றின் முன்னே ஒரு பொருளும் ஒரு கண்ணும் இருக்கின்றன. அப்பொருளின் ஒளி ஆடியின் எந்தப் புள்ளியில் பட்டுத் திரும்பினால் அக்கண்ணை வந்தடையும்? தட்டையான ஆடியாயின் பள்ளி மாணவனும் சொல்லிவிடுவான். உருண்டை ஆடியில் இது நான்காம் படிச் சமன்பாட்டில் கொண்டுபோய் விடும் கடினமான கணக்கு. வட்டமும் அதிபரவளையமும் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கொண்டு அவர் இதைத் தீர்த்தார். இன்றளவும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஹைகன்ஸ் போன்ற ஐரோப்பிய மேதைகள் இதற்குச் சுருக்கமான வழி தேடி உழைத்தனர். அடிவானத்தில் சந்திரன் பெரிதாகவும் உச்சியில் சிறிதாகவும் தோன்றுவதேன் என்பதையும் அவர் ஆராய்ந்தார். அது நம் மனம் தொலைவை மதிப்பிடும் முறையால் விளையும் தோற்றமே என்றார். கிப்லாவின் திசையைக் கணக்கினால் அறியும் முறையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். தொழுகைக்கு நிற்கும் ஒவ்வொருவரும் எங்கோ ஒரு கணித அறிஞரின் உழைப்புக்குக் கடன்பட்டே நிற்கிறார்.

அல்மஜிஸ்தியை ஆண்டுதோறும் பிரதி எடுத்த அதே கையால், பத்லமியூஸின் மீது ஐயங்கள் என்ற நூலையும் அவர் எழுதினார். முன்னோர் நூலைப் படிப்பவன் அவர்கள்மீது கொண்ட நல்லெண்ணத்தாலேயே ஏற்றுவிடாமல், எல்லாப் பக்கத்திலிருந்தும் எதிர்த்துச் சோதிக்க வேண்டும். அப்படிச் சோதிக்கும் தன்னையும் ஐயுற வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அறிவிப்பாளரின் பெருமையைப் பாராமல் அவருடைய நினைவாற்றலையும் நேர்மையையும் உரசிப் பார்த்த ஹதீஸ் கலை இமாம்களின் மரபை அறிந்தவர், இவ்விதியைக் கண்டு திடுக்கிடமாட்டார்.

இரண்டாவது ஐயத்துக்கு வருவோம். மருத்துவத்தையும் கணக்கையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பர்ளு கிபாயாவின் பட்டியலிலேயே சேர்த்துள்ளார்கள். ஊரில் ஒருவரும் கற்காவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் ஆவர். கணித நிரூபணங்களை மறுப்பதன் மூலம் தீனுக்கு உதவி செய்வதாக எண்ணுபவன் தீனுக்கே தீங்கிழைக்கிறான் என்பதும் அந்த இமாமின் கருத்து. இவ்வளவு தெளிவு இருந்தும் நம் சமுதாயம் எப்போதும் இவ்வழியே நடந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. கௌதுல் அஃளம் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் பேரரான அப்துஸ்ஸலாம் என்பாரின் நூலகம், ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் பலர் முன்னிலையில் எரிக்கப்பட்டது. மேடையேறிய ஒருவர் இப்னுல் ஹைதமின் வானியல் நூலை உயர்த்திப் பிடித்து, அதில் வரையப்பட்டிருந்த வட்டத்தைச் சுட்டிக்காட்டி, பெரும் ஆபத்து என்று கூவி நெருப்பில் எறிந்தார். அன்று நேரில் கண்ட ஒரு யூத மருத்துவர் சொன்னதை இப்னுல் கிஃப்தீ பதிவு செய்துள்ளார். வானத்தின் படைப்பைச் சிந்திக்குமாறு திருமறை அழைக்கிறது. அவ்வானத்தின் வடிவத்தை வரைந்த ஏட்டைத் திருமறையின் பெயராலேயே எரித்தனர். மேடையில் நின்றவரும் ஓதிப் படித்தவரே என்பதை எம்போன்ற ஆலிம்கள் மறந்துவிடலாகாது.

ஏடுகள் எரிந்தும் அறிவு எரியவில்லை. ஹிஜ்ரி 430-ஐ ஒட்டி, கி.பி. 1040 அளவில், இப்னுல் ஹைதம் காஹிராவில் இறையடி சேர்ந்தார். மனாளிர் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா எங்கும் பயிலப்பட்டது; 1572-இல் பாசல் நகரில் அச்சேறியது. ஒளியியலைப் புதுப்பித்த கெப்ளரும் அதன் வழிவந்த மரபில் நின்றே எழுதினார். சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இடப்பட்டுள்ளது. 2015-ஐ ஒளியின் ஆண்டாக உலக நாடுகள் கொண்டாடியபோது அவரும் நினைவுகூரப்பட்டார். இவையெல்லாம் பலரும் சொல்பவை. பலரும் சொல்லாத ஒன்று, கீழ்த்திசையில் ஒரு மாணவரைப் பற்றியது.

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரசீகத்தில் கமாலுத்தீன் என்றோர் இளைஞர் கணிதமும் இயற்கை அறிவும் பயின்றுவந்தார். ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும்போது வளைவதைப் பற்றிப் பெரியோர் எழுதியவற்றைப் படித்தார். அவை ஒன்றோடொன்று முரண்பட்டன. தம் ஆசான் குத்புத்தீன் ஷீராஸீயிடம் சென்று அதைத் தெரிவித்தார். ஆசான் அவரை அடக்கவில்லை. தம் இளமையில் ஏதோ ஒரு நூலகத்தில் இப்னுல் ஹைதமின் ஒளியியல் நூலைக் கண்டது அவர் நினைவுக்கு வந்தது. தொலைதூர நாட்டிலிருந்து அதை வரவழைத்து மாணவரின் கையில் கொடுத்தார். கமாலுத்தீன் அதற்கு விரிவுரை எழுத அமர்ந்தார். வானவில் எவ்வாறு தோன்றுகிறது என்ற இடத்தில் மட்டும் இப்னுல் ஹைதம் சொன்னது அவருக்கு நிறைவு தரவில்லை. நூலாசிரியர் கற்பித்த இஃதிபாரையே கையில் எடுத்தார். மழைத்துளிக்குப் பதிலாகக் கண்ணாடிக் கோளம் ஒன்றில் நீரை நிரப்பினார். அறையை இருட்டாக்கி, சிறு துளை வழியே வெயிலை அதன்மீது விழச் செய்தார். ஒளி உள்ளே நுழையும்போது ஒருமுறை வளைந்து, உட்புறச் சுவரில் பட்டுத் திரும்பி, வெளியேறும்போது மறுமுறை வளைந்தது. வானவில்லின் நிறங்கள் அக்கோளத்திலிருந்தே புறப்பட்டு வந்தன.